லாரி ஏற்றிக்கொண்டு போனது போக

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டீயும் பஜ்ஜியும் கொடுத்த கையோடு சாக்கடையைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டீர்கள். முன்வரிசையில் இன்னும் தட்டைக் கீழே வைக்காத பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சின்ன ஊர்களில் கழிவுநீர் வேலை பார்க்கிறவர்களிடம் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சுத்திகரிப்பு நிலையம் கட்டியாச்சு, திறப்பு விழாவும் நடந்தாச்சு. அப்புறமும் ஏரி ஏன் பச்சையாவே கிடக்குது?" நியாயமான கேள்விதான். நிலையத்தில் ஏதோ ஊழல், மோட்டார் ஓடவில்லை என்றெல்லாம் உடனே சந்தேகம் வரும். சில இடங்களில் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நிலையம் ஒழுங்காக ஓடினாலும் ஏரி பச்சையாகவே கிடக்க வாய்ப்பு இருக்கிறது. ஏன் என்று சொல்வதற்காகவே இன்றைக்கு வந்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் வந்தால் மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால் கருங்குழி. கர்நாடகப் போர்க் காலத்தில் கோட்டைக்காக அடித்துக்கொண்ட ஊர். இப்போது பேரூராட்சி. தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017இல் அங்கேதான் வந்தது. செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவரும் கசடை நாளொன்றுக்கு 23,000 லிட்டர் வரை வாங்கிக்கொள்ளும். பக்கத்து மதுராந்தகத்து லாரிகளும் அங்கே போகின்றன.

அதற்கு முன் அந்த லாரிகள் எங்கே போயின என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். இருட்டியபின் ஓடை, ஏரிக்கால்வாய், ஆள் நடமாட்டமில்லாத புறம்போக்கு. லாரிக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. கொட்ட இடம் கொடுக்காமலே ஊர் முழுக்கத் தொட்டி கட்ட அனுமதி கொடுத்தோம். இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளையே தமிழக அரசு 2014இல்தான் கொண்டுவந்தது.

நிலையத்துக்குள் நடப்பது எளிமையானது. லாரி வந்து நிற்கும், தடித்த குழாயை மாட்டுவார்கள். முதலில் ஒரு கம்பி வலை. அந்த வலையில் தங்குவதைப் பார்த்தால் வீடுகளில் கழிப்பறைக்குள் என்னென்ன போகிறது என்று தெரிந்துவிடும்: நாப்கின், ஷாம்பு பாக்கெட், துணிக்கிழிசல், தலைமுடி உருண்டை. அதற்கு அப்பால் மணலும் ஜல்லியும் அடுக்கிய உலர்படுகைகள். நீர் கீழே வடியும், கசடு மேலே தங்கிக் காய்ந்து வெடித்த வரட்டியாகிவிடும். மழையில் நனையாமலிருக்க மேலே கூரை. வடிந்த நீர் ஒரு தெளிவுத் தொட்டிக்கும், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வடிகட்டிக்கும், பிறகு செடிகள் நட்ட சரளைப் படுகைக்கும் போய், கடைசியில் ஒரு குட்டையில் வந்து நிற்கும். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. அதனாலேயே இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

இப்போது லாரியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

செப்டிக் டேங்கைக் கண்டுபிடித்த பெருமையை ழான் லூயி மூரா என்ற பிரெஞ்சுக்காரருக்குக் கொடுப்பது வழக்கம். 1881இல் காப்புரிமை பெற்றார். தொட்டியில் கனமானது கீழே படியும், எண்ணெய்ப் பசையும் ஏடும் மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் கலங்கல் நீர் மறுபக்கக் குழாய் வழியாக வெளியே போகும். இந்த வெளியே போகும் நீரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஒரு வாளி உள்ளே போனால் ஒரு வாளி வெளியே வந்தாக வேண்டும். நன்றாகக் கட்டிய தொட்டிகூட அழுக்கில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் குறைக்கும். நோய்க்கிருமிகளை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் இந்தியத் தர நிர்ணயம், தொட்டிக்கு அடுத்து அந்த நீர் மண்ணுக்குள் இறங்க உறிஞ்சுகுழியோ வடிகால் படுகையோ வேண்டும் என்கிறது.

நம் வீடுகளில் அந்த உறிஞ்சுகுழி எங்கே? அரைக் கிரவுண்டு மனையில் வீடு, கார் நிறுத்த இடம், படிக்கட்டு எல்லாம் போக மிச்சம் இருந்தால்தானே. தொட்டியிலிருந்து நாலு அங்குல பிவிசி குழாய் ஒன்று காம்பவுண்டுச் சுவரைத் துளைத்து வந்து தெருவோரக் கால்வாயில் நீட்டிக்கொண்டிருக்கும். இன்று வீட்டுக்குப் போகும்போது குனிந்து பாருங்கள், ஒரு தெருவிலேயே வரிசையாக இருக்கும். குழாய் வாயில் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக ஒன்று தொங்கும். அழுகல் தின்று வளரும் நுண்ணுயிர்கள் அவை. குளியல் நீரும் துணி துவைத்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் தொட்டிக்கே போவதில்லை, நேராகக் கால்வாய்தான்.

இன்னொரு ரகம் உண்டு. "எங்க வீட்டுத் தொட்டி இருபது வருஷமா எடுத்ததே இல்லை சார்" என்று மார்தட்டுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய தொட்டி இருபது வருஷம் நிரம்பவில்லை என்றால் அடியில் தளம் போடவில்லை என்று பொருள். எல்லாம் நிலத்தடிக்குப் போகிறது. பதினைந்தடி தள்ளி அவர் வீட்டுப் போர்வெல் இருக்கும். மூடியையும் தேட வேண்டியிருக்கும். மேலே டைல்ஸ் ஒட்டி, அதற்கு மேலே சமையலறை எழுப்பிவிட்ட வீடுகள் உண்டு. லாரி வந்தால் தரையை உடைக்க வேண்டும்.

அப்படி உடைத்தும், மூடியைத் திறந்தும், ஆளை உள்ளே இறக்கியும் நடந்த சாவுகள் நம் மாநிலத்தில் கொஞ்சநஞ்சமல்ல. தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் கொண்டது. அளவு கூடினால் மூக்கின் நுகரும் சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். "நாற்றம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கிற கணம்தான் ஆபத்து. இப்படி ஆளை இறக்குவதை 2013இல் சட்டம் வந்து தடை செய்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. இன்னும் இறங்குகிறார்கள். யார் இறங்குகிறார்கள், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது இந்த அவைக்குத் தெரியாததல்ல. ஏரிக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது லாரியும் நிலையமும் ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும் என்பேன்.

சரி, கணக்குக்கு வருவோம். பத்தாயிரம் பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு 70 லிட்டர் குடிநீர் என்பது அரசின் அளவுகோல். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகும். மொத்தம் நாளொன்றுக்கு 5,60,000 லிட்டர். அதே ஊரில் சுமார் 2,500 வீடு. வீட்டுக்கு 4,000 லிட்டர் கசடு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் நாள் சராசரி 9,000 லிட்டர். லாரி ஏற்றிக்கொண்டு போவது 9,000. தெருக்கால்வாயில் ஓடுவது கிட்டத்தட்ட அதில் அறுபது மடங்கு.

கசடு கெட்டியானது, கால்வாய்நீர் நீர்த்தது, இரண்டையும் லிட்டரில் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஒப்பிடக் கூடாது. அழுக்கை எடைபோட எங்கள் தொழிலில் பிஓடி என்ற அளவை இருக்கிறது. நீரில் உள்ள அழுகும் பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் கேட்கின்றன என்பதுதான் அது. ஓர் ஆள் ஒரு நாளைக்கு உண்டாக்கும் கழிவின் பிஓடி 45 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பேருக்கு 450 கிலோ. தொட்டிகள் அதில் நாற்பது சதவீதத்தைப் பிடித்துக்கொண்டன என்று தாராளமாகவே விட்டுக்கொடுங்கள். மீதி 270 கிலோ தினமும் கால்வாய்க்குப் போகிறது. லாரியில் போகிற கசடு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று வைத்தால் 45 கிலோ. ஆக எடையிலும் கால்வாய்தான் ஆறு மடங்கு முன்னால் நிற்கிறது. லாரி ஒரே இடத்தில் கொட்டினால் அந்த இடம் செத்துப்போகும், அதைத் தடுத்தது பெரிய காரியம். ஆனால் ஏரிக்குத் தினப்படி போகும் சாப்பாடு கால்வாய் வழியாகத்தான் போகிறது.

அந்த 270 கிலோ ஏரிக்குள் போனால் என்ன ஆகும்? நம் வெயிலில், 30 டிகிரியில், நீர் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். குளிர் நாட்டு ஆறுகள் ஒன்பதுக்கும் மேலே வைத்திருக்கும், அந்த வசதி நமக்கில்லை. இந்த ஒரு நாள் அழுக்கு, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒன்பது ஏக்கர் நீரில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் கேட்கும். ஒரே நாளில் எடுத்துக்கொண்டுவிடாது, காற்றும் மேலிருந்து கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் அடுத்த நாள் இன்னொரு 270 கிலோ வந்து நிற்கும்.

பச்சைக்குக் காரணம் அதற்கும் அடுத்த கட்டம். கழிவிலும் சோப்புத்தூளிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. ஒரு கிராம் பாஸ்பரஸ் கிடைத்தால், மற்றவை குறையில்லாமல் இருக்கும்போது, ஏறத்தாழ நூறு கிராம் பாசி வளரும். ஆளுக்கு ஒரு கிராம் என்றாலும் பத்தாயிரம் பேருக்குப் பத்துக் கிலோ. தினமும் ஒரு டன் பாசிக்குத் தீனி. பாசி இல்லையென்றால் ஆகாயத்தாமரை. பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும், அதனால் மத்தியானம் மூன்று மணிக்கு அளந்தால் ஏரி அருமையாக இருக்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். இரவில் அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும். விடியலுக்கு முன் நீர் வெறுமையாகிவிடும். ஏரியில் மீன் செத்து மிதக்கும் செய்தி எப்போதும் காலைச் செய்தியாக வருவது இதனால்தான். முதலில் போவது கெண்டை வகைகள். காற்றை நேரடியாக வாங்கும் விரால் தாக்குப்பிடிக்கும். ஜிலேபி எதையும் தாங்கும். ஓர் ஏரியில் வலை போட்டால் ஜிலேபி மட்டும்தான் வருகிறது என்று மீன்காரர் சொன்னால் எந்த ஆய்வகத்துக்கும் போக வேண்டாம்.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சுத்திகரித்த நீர் எப்படி இருக்க வேண்டும் என்ற எங்கள் அளவுகோல் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1898இல் கழிவுநீருக்கென்று ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். அது 1912இல் தன் எட்டாவது அறிக்கையில், லிட்டருக்கு பிஓடி 20 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு சொன்னது. உலகம் முழுக்க அந்த 20, 30 பரவியது. ஆனால் அந்த வரம்போடு ஒரு நிபந்தனையும் இருந்தது: வெளியே விடும் நீரைப்போல் குறைந்தது எட்டு மடங்கு நல்ல நீர் ஆற்றில் ஓட வேண்டும். எண்ணை எடுத்துக்கொண்டோம், ஆற்றை விட்டுவிட்டோம். சோதனையை மட்டும் நம் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டோம். அவர்கள் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பதை, நாம் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறோம்.

தை கழிந்தால் நம் ஓடைகளில் எட்டு மடங்கு நல்ல நீருக்கு எங்கே போவது? ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம், மாசிக்குப் பிறகு மணல். ஓடையில் ஓடுகிற நீரே நம் கழிவுநீர்தான். கலக்க ஒன்றும் இல்லை. 2017இல் மத்திய அரசு பெருநகரமல்லாத ஊர்களுக்கு பிஓடி 30 வரை போகலாம் என்றது. 2019இல் பசுமைத் தீர்ப்பாயம் எல்லோருக்கும் 10 என்று இறுக்கியது. பத்தாகவே இருக்கட்டும், நல்லது. ஆனால் பிஓடியைப் பத்துக்குக் கொண்டுவருகிற நிலையம் பாஸ்பரஸையும் எடுத்துவிடும் என்று கட்டாயமில்லை. சான்றிதழ் சுத்தமாக இருக்கும், ஏரி பச்சையாக இருக்கும். பாஸ்பரஸை எடுக்காமல் தேங்கிய நீருக்குள் விடும்வரை எவ்வளவு சுத்திகரித்தாலும் இந்தத் தொல்லை போகாது.

உடனே "பாதாளச் சாக்கடை போட்டுவிட்டால்?" என்பார்கள். சின்ன ஊர்க்காரர்களுக்கு அது ஒரு கௌரவம், நகராட்சி ஆகிவிட்டது மாதிரி. குழாய்க்குள் கழிவு தங்காமல் ஓட நொடிக்கு அறுபது சென்டிமீட்டராவது வேகம் வேண்டும். அதற்கு ஆளுக்கு 135 லிட்டர் நீர் கொடுக்க வேண்டும் என்கிறது அரசின் கையேடு. இரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் பேரூராட்சியில் அத்தனைக்கு எங்கே போவது? கசடு தங்கும், அடைக்கும், மறுபடி ஆள் இறங்குவார். நம் சமதளக் கடற்கரை மாவட்டங்களில் நடுவில் நீரேற்று நிலையமும் வேண்டும். மின்கட்டணம் கட்ட முடியாமல் பம்பு நின்ற அன்றைக்கு எல்லாம் நேராக ஓடைக்குப் போகும். நெருக்கமான பெருநகருக்கு அது தேவை, மறுக்கவில்லை. பத்தாயிரம் பேர் ஊருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பெரிய திட்டம் வேண்டாம் என்று வேறு வழி தேடிய ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் வடபகுதியில், ஹம்போல்ட் விரிகுடாக் கரையில், ஆர்க்கேட்டா என்ற சிறு நகரம் இருக்கிறது. பதினெட்டாயிரம் பேர் அளவுதான். 1970களில் சுற்றுவட்டார ஊர்களையெல்லாம் சேர்த்து ஒரே பெரிய நிலையம் கட்ட வேண்டும் என்று மாநில அரசு நெருக்கியது. ஊர்க்காரர்களும் அங்கிருந்த பல்கலைக்கழகத்து ஆசிரியர்களும் மாட்டோம் என்றார்கள். பாழடைந்த மர அறுவை ஆலை நிலத்திலும் பழைய குப்பைமேட்டுப் பக்கத்திலும் சதுப்புநிலம் உண்டாக்கி, நாணலும் கோரையும் வளர்த்து, குளங்களில் தெளிந்த கழிவுநீரை அதன் வழியே விட்டார்கள். 1979இல் சோதனை தொடங்கி, 1986இல் முழுசாக நடைமுறைக்கு வந்தது. இன்று 307 ஏக்கர். பறவை பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். நம் ஊருக்கு அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முடியாது. அத்தனை நிலமில்லை, பருவமழை வேறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஊருக்கு அவமானமாக இருந்த இடத்துக்கு ஜனங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஆள் நடமாடுகிற இடத்தில் பழுது மறைந்து கிடக்காது.

பறவை என்றதும் நம் வேடந்தாங்கல். அது கருங்குழிக்குப் பக்கம்தான். அந்த ஏரிப் பறவைகளைச் சுட வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டு, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் கௌல் என்ற உறுதிப்பத்திரம் வாங்கினார்கள். மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே, அதே பிளேஸ் துரைதான். பறவைப் பாசம் மட்டும் காரணமில்லை. கொக்கும் நாரையும் எச்சமிட்ட ஏரிநீர் நெல்லுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த எச்சத்தில் இருப்பதும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான், நம் கால்வாய்நீரில் இருப்பதும் அவைதான். அங்கே அது மழைக்காலத்தில் சேர்ந்து, மதகு வழியாக வயலுக்குப் போய்விடுகிறது. நாம் வருஷம் முழுக்க ஏரிக்குள் கொட்டி அங்கேயே தங்கவிடுகிறோம்.

ஆகவே என் கட்சி இதுதான்: கோடைக் கழிவுநீரை ஏரிக்குள் விடவே கூடாது. ஏரிக்கு மேலேயே பிடித்துத் தெளியவைத்து வயலுக்குத் திருப்ப வேண்டும். கால்வாய் ஏரியைத் தொடும் இடத்தில் மண் படியும் தொட்டி, அடுத்து தடுப்புச்சுவர் அறைகளில் காற்றில்லாச் செரிமானம், அடுத்து கல்வாழையும் நாணலும் நட்ட சரளைப் படுகை. ஆளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு சதுர மீட்டர் இடம். பத்தாயிரம் பேருக்கு ஐந்து ஏக்கருக்குள் முடியும். அங்கிருந்து தென்னை, வாழை, தீவனப்புல். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் வெள்ளரிக்கும் விடக் கூடாது, கிருமி முழுசாகப் போயிருக்காது. உலர்ந்த கசடையும் உடனே வயலில் போடக் கூடாது. நாக்குப்பூச்சி முட்டை மாதக்கணக்கில் சாகாது, மக்கவைத்தே ஆக வேண்டும்.

இதில் கெடக்கூடியது எது என்றும் சொல்லிவிடுகிறேன். சரளை அடைத்துக்கொள்ளும். முதல் தொட்டியில் மண் அள்ளாமல் விட்டால் சீக்கிரமே அடைக்கும். அடைத்ததும் நீர் மேலாகவே ஓடி ஏரிக்குப் போகும், பார்க்கிறவர்களுக்குச் செடி பச்சென்று இருப்பதால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஐப்பசி மழையில் கால்வாய் நிறைந்து வரும்போது வெள்ளத்தை ஒதுக்கிவிட ஒரு மாற்று வாய்க்கால் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இரவில் படுகை மண்ணடித்துப்போகும். நாணலை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது வெட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். அங்கேயே அழுகவிட்டால் அது எடுத்த சத்து மறுபடி தண்ணீருக்கே போகும். இதற்கெல்லாம் மண்வெட்டியும் கையுறையும் நிரந்தரச் சம்பளமும் உள்ள இரண்டு மூன்று பேர் போதும். ஒப்பந்தம் முடிந்ததும் ஆளை மாற்றுகிற ஏற்பாட்டில் இது நடக்காது. எந்த மதகை எப்போது திறக்க வேண்டும் என்று தெரிந்தவர் போன பிறகு புதிதாக வந்தவர் திறக்காமலே விட்டுவிடுவார். பேரூராட்சி மன்றத்தில் நிதி ஒதுக்கும்போது கட்டுமானத்துக்குக் கேட்கிற கேள்விகளை இந்தச் சம்பளத் தலைப்புக்கும் கேளுங்கள்.

நாற்றம் வருமா, கொசு வருமா, எங்கள் மனை விலை குறையுமா என்று பின்வரிசையில் ஒருவர் வந்ததிலிருந்து கை தூக்கிக்கொண்டிருக்கிறார். சரளைக்கு மேலே நீர் நிற்காதவரை கொசு வராது. நாற்றம் முதல் தொட்டிப் பக்கம் இருக்கும், மூடி போட்டால் அடங்கும். மனை விலையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. மைக்கை அவரிடம் கொடுங்கள்.